மேலண்ணத்து வரிகள்

அன்புள்ள அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து பவித்ரா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே போகாதீர்கள். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் கடலில் கிடைத்த ஓர் உடலை அடையாளம் காண, பல் டாக்டர் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். நம் மருங்காபுரியைச் சேர்ந்த முரளிதரன் என்று சந்தேகம். அவர் தங்கை பானு ஊரிலிருந்து அனுப்பிய போட்டோவில் அவருக்குப் பல் தூக்கலாக இருந்தது. இங்கே கிடந்தவருக்கோ வரிசையான பல்.

"அப்ப இது எங்கண்ணன் இல்லீங்க!" என்று போனில் சிரித்தேவிட்டாள்.

முரளிதரன் தன் கல்யாணத்துக்காக இங்கே கிளிப் போட்டுப் பல்லைச் சரிசெய்துகொண்டதை வீட்டில் சொல்லவில்லையாம். கூடத் தங்கியிருந்தவர் பிறகுதான் சொன்னார். ஊரில் இருந்தபோதே தென்னூர் பல் டாக்டர் ஒருவர் அவர் பல்லையும் அண்ணத்தையும் எடுத்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சை வரவழைத்தோம். கிளிப் பல்லை நகர்த்திவிடும். மேலண்ணத்தில் உள்ளே தள்ளி இருக்கும் வரிகளை அவ்வளவாக மாற்றாது. கைரேகைபோல் ஆளுக்கு ஆள் வேறுபடும் அந்த வரிகள் அப்படியே பொருந்தின.

பானுவிடம் நான்தான் சொன்னேன். "பல்லு அழகா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"அழகா இருந்துச்சும்மா" என்றேன்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. கமலவல்லி அத்தையிடம் சொல்லிப் பருப்புப்பொடி அரைத்து அனுப்புங்கள். போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, எனக்குக் கிளிப் போடுமுன் எடுத்த அச்சை எறிந்துவிடாதீர்கள். பரணிலும் வேண்டாம். உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

வண்டி வந்துவிட்டது.

பவித்ரா