எதிர் பெஞ்சில் உன் கண்

நேற்று கண் ஆஸ்பத்திரியில் எனக்கு எதிர் பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு உன் கண் இருந்தது. மேல் இமை ஏறி, முழி முன்னால் தள்ளி, இமைக்காமல் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கிறாள் என்று சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் என் புத்தி முதலில் அங்கேதான் போகிறது. பின்னால் வெறும் சுவர்.

அவளுக்கு அடுத்தவளுக்கும் அதே கண். அதற்கு அடுத்தவளுக்கும். மூவரும் அக்கா தங்கச்சிகளா என்று மலையாளத்து நர்ஸிடம் கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

"இல்ல அப்பூப்பா, தைராய்டு சூக்கேடு. ஊரு மொத்தமும் நோக்கினா கொறச்சு பேருக்குத்தான். பட்சே தைராய்டு கூடினவங்கள்ல நிறைய பேருக்குக் கண்ணுல பிடிக்கும். பெண்ணுங்கதான் கூடுதல். இங்க இவங்க வராத வாரமே இல்ல."

உடம்பே தன் கண்ணைப் பகையென்று நினைத்து அடிக்குமாம். ஆள் மெலியுமாம், கை நடுங்குமாம், நெஞ்சு படபடக்குமாம். அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக விரல் மடக்கினேன்.

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கட்டடம் எழுப்பிய காலம். நான் கொத்தனார், என் பெண்டாட்டி நீயே என் சித்தாள். மலையாளி சூப்பர்வைசர் பேசும்போதெல்லாம் நீ கண்ணெடுக்காமல் அவன் முகத்தையே பார்ப்பாய். என்னை அப்படி நீ பார்த்ததில்லை என்று எனக்கு எரியும். சோறு இறங்காமல் மெலிந்தாய். அவன் நினைப்பு என்றேன். அவன் பேரை எடுத்தால் உன் கை நடுங்கியது. எடுக்காதபோதும் நடுங்கியதை நான் பார்க்கவில்லை. மத்தியானம் கண்ணயர்ந்தால் இமை பாதிதான் மூடும். தூக்கத்திலும் யாரைப் பார்க்கிறாய் என்று உலுக்கி எழுப்பினேன்.

"மூட மாட்டேங்குதே, நான் என்னத்த செய்ய?" என்றாய். அழவில்லை. கண்ணில் தண்ணீர் எப்போதும் வழிந்துகொண்டே இருந்ததால், அழுதாயோ என்னவோ, எனக்குத் தெரியாது.

வேலைக்கு வர வேண்டாம் என்று உன்னை நிறுத்தினேன். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாய். டாக்டர் ஆண்பிள்ளை, முகத்தோடு முகம் வைத்துப் பார்ப்பான் என்று கூட்டிப் போகவில்லை. எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்ல இதை மருமகள்தான் எழுதுகிறாள். இங்கே பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமா மாமா?" என்றாள். எழுது என்றேன். அந்த நெஞ்சுப் படபடப்பிலேயே நீ போனாய்.

எதிர் பெஞ்சுப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. இளவயசு டாக்டர் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூச்சுப் படும் தூரத்தில் குனிந்து பார்த்தான். பக்கத்தில் அவள் புருஷன், மருந்துச் சீட்டை மடித்தபடி, கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான்.

அந்தக் கொட்டாவியைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை இன்னும் இறங்கவில்லை. சூப்பர்வைசர் மேல்கூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை.