சாப்பிட்டுவிட்டுத் திட்டச் சொன்னவளுக்கு

இன்று காலை பப்பில் புதுப் பீப்பாயை மாட்டும்போது குழாய் நழுவி, கவுண்ட்டர் முழுக்க பீர் நுரைத்து வழிந்தது. துணியோடு ஓடினேன். அந்த வாசனையில் உன் குரல்தான் முதலில் வந்தது. உன் அடுப்படியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இதற்குத்தான் முகம் சுளித்தேன். "மூக்கப் பொத்தாதடி. கேப்பைய முளைகட்டி வறுத்தா இப்டித்தான் வரும். இதுவும் தானியந்தான்" என்றாய்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகளோடு திண்டிவனம் பக்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். புதுச்சேரியில் ஓட்டல் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். பப் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அடுப்பில் நிற்பவள், மிளகாய் அரைப்பவள். ஆனாலும் ஊருக்கு அது குடிக்கிற இடம்.

யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மதியம், மேசைகளை ஒட்டிப் போட்டு யாரோ பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்; டிவியில் கிரிக்கெட்; தட்டு தட்டாக இறால் வறுவல் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அண்ணன் வந்து நின்றான். "எங்க அவ? வரச் சொல்லுங்க, கூட்டிக்கினு போவணும்" என்று அவன் சொன்னது அடுப்படி வரை கேட்டது. நான் பெரிய ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். அதை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

நீதான் போனாய். ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

"அண்ணே, ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறீங்க. திட்றதா இருந்தா சாப்ட்டுத் திட்டுங்க."

"நான் குடிக்கிறவன் இல்ல."

"யாரு குடிக்கச் சொன்னா? சோறு துன்னுங்க."

இரண்டு கிழவிகள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த மேசைக்குப் பக்கத்தில் அவனை உட்காரவைத்தாய். சோறும் மீன் குழம்பும், நான் வேர்க்கடலையில் செய்த மல்லாட்டை மசாலாவும் உன் கையாலேயே கொண்டுபோய் வைத்தாய். வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை. எங்கள் வீட்டில் அறுவடை நாளில் செய்வது. முதலாளியிடம் சண்டை போட்டு அதை மெனுவில் ஏற்றியவளும் நீதான்.

அண்ணன் ஒரு வாய் போட்டதும் நிறுத்தினான். "இது எங்கம்மா செய்யறதாச்சே."

"ஒங்க தங்கச்சி செஞ்சது. இங்க வர்றவங்க இத கேட்டு வாங்கித் துன்றாங்க."

"ஊர்ல இன்னான்னு சொல்றது?"

"பப்புல சமைக்கிறான்னு சொல்லுங்க. நாங்க ஊத்திக் குடுக்கல. குடுத்தாலும் அதுவும் வேலதான், அண்ணே."

அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டான். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையை விடு என்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் தன் நிலத்து மல்லாட்டையில் ஒரு மூட்டையை இறுக்கக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். "ஒன் பப்புல நல்ல காயா பாத்துப் போடச் சொல்லு" என்றான். பப் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. என் மகள் காலேஜ் முடித்தது அந்த வேலையில்தான்.

நீ போன பதினாறாம் நாள் காரியத்துக்குக் குயிலாப்பாளையத்தில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மகள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கம்பெனி கேண்டீன்ல அம்மா கூட வேல செஞ்சவங்க நீங்கதானா?" என்றாள்.

கேண்டீன். என் அண்ணன் முன்னால் அப்படி நிமிர்ந்து நின்ற நீ, உன் வீட்டில் சொல்லவே இல்லை. மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் சொன்ன பொய்யாக இருக்கும். பிறகு திருத்த நேரம் வரவில்லை. உன் பயம் எனக்குத் தெரியாமல் போனதே என்று வலித்தது. உன் பொய்யைக் காப்பாற்றவா, வேண்டாமா என்று காப்பி ஆறும்வரை யோசித்தேன். கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் சொன்னேன், அண்ணன் கதை உட்பட. அவள் அழுதாள். கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேனோ என்று பல நாள் தூக்கமில்லை.

போன ஞாயிறு மதியம் அவள் பப்புக்கு வந்தாள். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் கூட. கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் ஒரு கிளாஸ் பீர் சொன்னான், பிள்ளைகள் சிக்கனுக்குச் சண்டை போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவள் எழுந்து வந்து, "அம்மா எங்க நிப்பாங்கக்கா?" என்று கேட்டாள்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அடுப்படியில் வேலையாக இருந்த ஐந்து பேரும் வழிவிட்டார்கள். ஜன்னல் பக்கத்துப் பெரிய அடுப்பைக் காட்டினேன். அவள் போய் அதன் முன்னால் நின்றாள்.

"இப்ப இங்க யாரு நிக்கிறாங்க?"

"நான்தாம்மா" என்றேன்.