சிதறி நின்ற பெயர்

வெள்ளிக்கிழமை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டிரெய்லர் ஏறி இறந்த பையனின் நாற்பதாம் நாளில் ஓதுவதற்கு, குர்ஆனின் யாசீன் அத்தியாயப் புத்தகத்தைக் கணினியில் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். பக்க எண்களை வலமிருந்து போட்டுவிட்டு, அட்டையில் அவன் பெயரை அரபியில் ஒட்டினேன். பாழாய்ப்போன மென்பொருள், எழுத்துகளைச் சேர்க்காமல் தனித்தனியாகச் சிதறவிட்டது. பக்கத்தில் அவன் அம்மா இருந்ததை மறந்துவிட்டேன்.

"இன்னாம்மா, எம்புள்ளைய இங்கயும் துண்டு துண்டா போட்டுகீற?"

பதறிப்போய் எழுத்துகளைச் சேர்க்கும் வசதியைத் தட்டினேன். பெயர் ஒன்றாகக் கூடியது. அவர் திரையைத் தடவினார்.

"ஆஸ்பத்திரில துணிய அவுக்கவே வுடல. இப்பதான் முழுசா பாக்குறேன்."

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. அங்கே இந்த எழுத்துரு இல்லாவிட்டால் பெயர் மறுபடி சிதறிவிடும். கூப்பிட்டுப் பார்க்கிறேன்; அங்கே போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.