ரீமர் மன்னார்குடி போயிருக்கிறது

நீடாமங்கலம்,
ஐப்பசி மாதம்

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். கனடாவில் குளிர் இறங்கியிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலம் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிவிட்டது, வாய்க்காலில் தண்ணீருக்குக் குறையில்லை. வயலுக்குப் போய்வர என்னிடம் வண்டிதான் இல்லை. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் பேரனைப் பேசவிட்டு நழுவிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் பழைய புல்லட் மூன்றாவது கியரில் நிற்காமல் நழுவியதால், உன்னோடு பள்ளியில் படித்த அஸாரின் பட்டறையில் விட்டேன். கியர் பாக்ஸைப் பிரித்து, உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் என்ற உலோக வளையம் தேய்ந்து தண்டு ஆடுவதைக் காட்டினான். அது உண்மை, என் கண்ணால் பார்த்தேன். பிறகுதான் பேச்சு மாறியது. அந்தக் காலத்து வண்டிக்குப் புஷ் கிடைக்கவில்லை என்றான். நானே பஸ் ஏறித் தஞ்சாவூரில் தேடி வாங்கி வந்து கொடுத்தேன், அவன் முகம் மலரவில்லை. அடுத்து, புஷ்ஷை இறக்கியாயிற்று, தண்டு உள்ளே போகவில்லை என்றான். இது நடக்கக்கூடியதுதான். மூன்று பேர் சீட்டில் நான்காவது ஆள் உட்கார்ந்தால் தோளைச் சுருக்கிக்கொள்வதில்லையா, அதுபோல இறுக்கி இறக்கிய புஷ்ஷின் துளையும் சற்றுச் சுருங்கும். ரீமர் என்ற கருவியை விட்டு, துளையை நூலளவு சீவிச் சரிசெய்ய வேண்டும். ரீமர் எங்கே என்றால், "மன்னார்குடிக்கு இரவல் போயிருக்கு சார், வந்துடும்" என்றான். மன்னார்குடி என்ன, கனடாவிலா இருக்கிறது? வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை நிறையப் பார்த்தவன் நான். உண்மையாகவே காய்ச்சல் வந்தவன் மறுநாளும் காய்ச்சல் என்றே சொல்வான். எழுதாதவனுக்குத்தான் இன்று காய்ச்சல், நாளை மாமா கல்யாணம்.

போன வியாழக்கிழமை அவன் டீ வாங்கப் போன நேரத்தில் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். வெண்ணெய் போலச் சுழன்றது, ஆட்டமே இல்லை. வேலை முடிந்து பாக்ஸை மூடாமல் வைத்திருக்கிறான். திரும்பி வந்தவன் அதன்மேல் துணியைப் போட்டு, "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கு சார்" என்றான். டீயைக் கையில் கொடுத்தபோது அவனாகவே, "தலைசுத்தலோட எதுக்கு சார் வண்டி, கூப்பிட்டா நானே வயல்ல கொண்டுபோய் விடமாட்டேனா" என்றான். தலைசுற்றல் விஷயம் அம்மாவுக்கே தெரியாது. கொல்லையில் நின்று போனில் உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

இப்போது சொல், அஸாரிடம் பேசினாயா இல்லையா? ஓட்டாதீங்கப்பா என்று என்னிடமே சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்டிருப்பேனா என்று நானும் யோசித்தேன். கேட்டிருக்கமாட்டேன். அது வேறு. தலைசுற்றலுக்காக நேற்று தஞ்சாவூரில் காது டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்து மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்று சொல்லும்வரை பாக்ஸ் திறந்தே கிடக்கட்டும். ஆனால் புதுப் புஷ்ஷில் தூசி விழாமல் நல்ல துணியாகப் போட்டு மூடச் சொல், அவன் போட்டிருப்பது ஓட்டைத் துணி.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, தலைசுற்றலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று தினமும் கேட்கிறாள். ரீமர் மன்னார்குடி போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்புள்ள அப்பா,
இராஜாங்கம்