ஓரின் வீட்டுக்கு ஒரு வண்டி விறகு

ஹார்லோ குளம், மெய்ன்
ஜனவரி 9

அன்புள்ள எல்டனுக்கு,

போனில் பேசினால் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாய்தானே?

விறகு வாங்க முடியாத வீடுகளுக்குச் சும்மா விறகு கொண்டுபோய்ப் போடும் எங்கள் குழுவுக்கு ஓர் ஆள் வேண்டும். குழுவில் வண்டி ஓட்டும் பெர்சியின் வண்டி படுத்துவிட்டது. உன்னிடம் பிக்கப் டிரக் இருக்கிறது, பனி ஒதுக்கும் தகடும் இருக்கிறது.

போன வாரம் நம் ஊர் ஜோலீன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, குளிருக்கு நாற்காலியை உடைத்து எரித்துக்கொண்டிருந்தாள். அரசாங்க உதவி அலுவலகத்தில் கேட்டதற்கு, "ஆறு வாரம் ஆகும்மா" என்றார்களாம். அன்று சாயங்காலமே நாங்கள் விறகு இறக்கிவிட்டோம்.

சனிக்கிழமைகளில் வா. என்னோடு பேச வேண்டும் என்று கட்டாயமில்லை.

வெர்னா

ஜனவரி 14

வெர்னாவுக்கு,

ஏழு பேர் சேர்ந்து மெய்ன் குளிரையே விரட்டப் போகிறீர்களாக்கும்! அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்தால் அவர்கள் நன்றாகத் தூங்குவார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓரினுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுக்கும் விறகு போகிறதா? சேர்ந்து மரம் அறுக்கும்போது, நான் கை எடுப்பதற்குள் ரம்பத்தை ஓட்டி என் இரண்டு விரலை எடுத்தவன். ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வார்த்தை கேட்காதவன். அவன் மனைவி இறந்தபோது நீ சாப்பாடு தூக்கிக்கொண்டு போனாய். அன்றைக்குத்தான் நான் நம் வீட்டை விட்டு வந்தேன். மறந்திருக்க மாட்டாய்.

எல்டன்

ஜனவரி 18

அன்புள்ள எல்டன்,

ஆமாம், போகிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அவன் கேட்கவில்லை. அவன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரவில்லை என்று ஜோலீன்தான் ஓடி வந்து சொன்னாள். நாங்கள் போனபோது, "எனக்கு வேணாம், வேற யாருக்காவது குடுங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தான்.

சின்னக் குழு என்றால் இந்தச் சங்கடம் உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் நாளைக்கு ஒரே கடையில் முகம் பார்த்தாக வேண்டும். ஆனால் யார் வீட்டில் புகை வரவில்லை என்று எங்களுக்குத்தான் தெரியும்.

அன்று சாப்பாடு கொண்டுபோனதற்கு வருத்தப்பட மாட்டேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

சனிக்கிழமை பனிப்புயல் என்கிறார்கள். நீ வராவிட்டால் நானும் பெர்சியும் விறகைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போவோம்.

வெர்னா

ஜனவரி 27

வெர்னா,

சனிக்கிழமை வந்தேன், பார்த்தாய். பேசாமல் போய்விட்டேன். நீ ஜோலீன் வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தபோது ஓரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான்.

"நீயா?"

"விறகு. எங்க போடணும்?"

கூடத் தூக்க வெளியே வந்தான். "உள்ள போய்யா! இருமியே சாகப்போற" என்று கத்தினேன். அவன் போகவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன், எல்டன். உள்ள வர தைரியம் வரல."

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய் அடுப்பைப் பற்றவைத்தேன். வீடு சூடாகும்வரை இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆனால் அந்த அடுப்பை அணைய விடமாட்டேன். இனி அவன் வீட்டுக்கு நான்தான் போவேன் என்று பெர்சியிடம் சொல்லிவிடு.

இங்கிருந்து நாற்பது மைல் ஓட்டி வருவதுதான் சிரமமாக இருக்கிறது.

எல்டன்

ஜனவரி 31

அன்புள்ள எல்டன்,

நாற்பது மைல் தள்ளி இருக்கும் ஓட்டுநர் எங்களுக்குச் சரிப்பட மாட்டார். குழுவைக் கேட்கவில்லை, இது நானே எடுத்த முடிவு.

ஜோலீனும் சேர்ந்துவிட்டாள். பெர்சியைவிட நன்றாக விறகு பிளக்கிறாள், அவருக்கு ஒரே கோபம்.

வெள்ளிக்கிழமையே பெட்டியோடு வந்துவிடு. மாடி அறையில் குளிர் தாங்காது. கீழே, நம் அறையிலேயே படுத்துக்கொள்.

உன் வெர்னா