சைதாப்பேட்டை வரை ஒரு ரப்பர் பை

ஏங்க, என் வயிற்று வலிக்கு உங்கள் மகன் புது வெந்நீர்ப் பை வாங்கி வந்திருக்கிறான். மூடியைத் திறந்ததும் ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். உங்களுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. யாருக்குத் தெரிந்தது? டாக்டருக்கும் உங்கள் அண்ணனுக்கும். வராந்தாவில் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள், நீங்கள் உள்ளே கட்டிலில். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம், நோயாளியின் காதில் மட்டும் எதுவும் விழக்கூடாது. மூத்திரப்பையை எடுத்துவிட்டு, வயிற்றின் வலப்பக்கம் துளை போட்டு, அதன்மேல் மூத்திரம் சேர ரப்பர் பை கட்டுவார்கள் என்பதை அண்ணனிடம் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டு நான்தான் உங்களிடம் சொன்னேன்.

"அப்ப கையெழுத்துப் போட மாட்டேன் எஸ்தர். அந்தப் பையோட சர்ச்ல எப்படி உக்காருவேன்? ஆபீசுக்கு டிரெயின்ல எப்படிப் போவேன்? நாறுமா, ஒழுகுமா? அதைச் சொல்லச் சொல்லு."

டாக்டரைக் கேட்டால், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், தைரியமா இருங்க" என்றார். என்னத்தைப் பார்த்துக்கொள்வார்? தாம்பரத்திலிருந்து டிரெயினில் கூடவா வருவார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபரேஷன் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க வழியே இல்லை. வார்டு சிஸ்டரின் கையைக் காலைப் பிடித்து அந்தப் பை ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை அதில் நிரப்பி, உங்கள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டினேன். மேலே பேன்ட், தொளதொள சட்டை. எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினோம். இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தபடி விறைத்து நின்றீர்கள். உட்கார்ந்தால் வெடித்துவிடுமோ என்ற பயம். பல்லாவரத்தில் மீன் கூடையோடு ஏறிய அம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா சார், எடம் கீது, நின்னுகினே வர்றியே? குந்து சார்!"

மெதுவாக உட்கார்ந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சைதாப்பேட்டையில் இறங்கியதும் என் காதருகே குனிந்து, "யாருக்கும் தெரியலடி" என்றீர்கள். எத்தனை வாரம் கழித்துப் பார்த்த சிரிப்பு அது!

பிளாட்பார பெஞ்சில் இன்னொன்றும் கேட்டீர்கள். "பொழைப்பேனா? அண்ணன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"பாதிக்குப் பாதின்னு சொன்னாங்களாம்" என்றேன்.

திரும்பிப் போகும் வண்டி வந்து நின்றது, நாம் ஏறவில்லை. அது போனதும் சொன்னீர்கள். "சரி. கையெழுத்துப் போடறேன். நம்ம பையனுக்கு நாளைக்கே ஞானஸ்நானம் வச்சுடலாம், நான் பாக்கணும்." வைத்தோம், பார்த்தீர்கள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, உங்கள் கை மெல்ல வலப்பக்கம் போனது. போர்வைக்கு மேலேயே தடவிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, காய்ந்த உதட்டோடு கேட்டீர்கள்: "சைதாப்பேட்டை வந்துடுச்சா?"

அந்த வாரமே போய்விட்டீர்கள். காய்ச்சல் ஏறியது, இறங்கவே இல்லை. "நீ சொல்லித் தொலைச்ச பயத்துலயே போயிட்டான்" என்று அண்ணன் கல்லறைத் தோட்டத்தில் எல்லார் எதிரிலும் கத்தினார். பயந்துபோனவர் அப்படிக் கேட்பாரா? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஆனாலும் நீங்கள் இல்லாத வீடு இன்னும் பழகவில்லை.

நாளைக் காலை எனக்கு ஆபரேஷன். இன்று டாக்டர் என்னை விட்டுவிட்டு மகனைப் பார்த்தே பேசினார். "வயித்தைக் கிழிக்கப் போறது எனக்கு. என்கிட்ட சொல்லுங்க" என்றேன். மகன் என் கையை அழுத்தினான், "சும்மா இரும்மா" என்று. நான் இருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன், கேட்கப் பிடிக்காததையும்.

பயமாகத்தான் இருக்கிறது. கண் விழித்தால் முதலில் வயிற்றைத் தடவிப் பார்ப்பேன். பிறகு, சைதாப்பேட்டை வந்துவிட்டதா என்று மகனிடம் கேட்பேன். அவனுக்கு ஒன்றும் புரியாது, பாவம்.