செவ்வந்தி குட்டி போட்ட தேதி

ஜவ்வாது மலை,
ஜனவரி 9

அன்பு மகள் அன்பரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே மலையில் பனி, அப்பாவுக்கு முட்டிவலி, எனக்குத் தூக்கமில்லை, இது மூன்றும் போக மற்றபடி எல்லாரும் நலம். நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் தினமும் என் வேண்டுதல். போனில் பேசினால் பாதியில் நீ அழுவாய், இல்லை நான் வைத்துவிடுவேன், அதனால் ஜமுனாமரத்தூர் சந்தையில் வாங்கிய புளியோடு இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன்.

நம் குதிரை செவ்வந்தி குட்டி போட்டுவிட்டாள். ஜனவரி நடுவில் போட வேண்டியவள், டிசம்பர் முப்பதாம் தேதி மத்தியானம் நான் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருக்கும்போதே லாயத்தில் படுத்துவிட்டாள். ஆண் குட்டி, தாய் மாதிரியே செவலை. காது இரண்டும் மடங்கிக் கிடந்தது, மூன்று மணி நேரம் எழுந்தே நிற்கவில்லை. நானும் நம் குதிரைக்காரன் முனியனும் வைக்கோலில் உட்கார்ந்து துண்டால் தேய்த்துத் தேய்த்து, தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்து, கை விட்டுப்போயிற்று. கண்ணமங்கலத்திலிருந்து டாக்டர் மலையேறி வந்து சேர்ந்தது மறுநாள். எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் பிழைத்த சந்தோஷம் ரெண்டு நாள்கூட நிற்கவில்லை. ரேஸ் குதிரைக்கு எந்த மாதம் பிறந்தாலும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் வயது ஏறும் என்பது உனக்குத் தெரியாததா. பிறந்து இரண்டே நாளில் பதிவேட்டில் அதற்கு ஒரு வயது முடிந்துவிட்டது. நாளைக்கு ஓட விட்டால் தன்னைவிட ஒரு வருடம் மூத்ததுகளோடு ஓட வேண்டும். அதை யார் வாங்குவார்கள்? செவ்வந்திக்கு இது கடைசி ஈத்து. மற்ற இரண்டு பெட்டைகளுக்கும் இந்த வருடம் சினை பிடிக்கவில்லை. இந்தக் குட்டியும் விலை போகாவிட்டால் பண்ணையை மூடிவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் அலுத்துத்தான் போயிற்று.

உன் தம்பி தனசேகரன் பிறப்புப் படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். இங்கே எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தானே. இன்னாம்மா, ரெண்டு நாளுதானே, ஒண்ணாந்தேதின்னு போடு, யாரு வந்து பாக்கப் போறாங்க என்றான். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த முனியன் சிரித்துவிட்டான். எனக்கும் ஆதார் அட்டையில சனவரி ஒண்ணாந்தேதிதாம்மா, எங்க வூட்டுக்காரிக்கும் அதேதான், எங்க ஊர்ல பாதிப் பேரு குதுர மாதிரி ஒரே நாள்ல பொறந்தவங்க என்றான். பிறந்த நாள் தெரியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார்களாம். எனக்கும் சிரிப்பு வந்தது, பேனாவைக் கையில் எடுத்ததும் அது நின்றுவிட்டது.

போன மாதம் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் பிறந்த தேதி கேட்டபோது நீ நிஜமான தேதியைச் சொல்லிவிட்டாயாம், பாஸ்போர்ட்டில் வேறு தேதி இருக்கிறதே என்று அவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்த்தார்களாம். எது என்னுதுன்னு எனக்கே ஒரு நிமிஷம் தெரியலம்மா என்று போனில் சொன்னாய். வழக்கம்போல அப்பாவைத் திட்டினாய். அவர்தான் பள்ளிக்கூடத்தில் மே முப்பத்தொன்று என்று மாற்றி எழுதி உன்னைச் சீக்கிரம் தள்ளிவிட்டார், அதனால்தான் வகுப்பிலேயே நீ சின்னவள், ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசி என்று. அன்பரசி, எழுதியது அப்பா இல்லை. நான்தான். அந்த வருடம் பதினொரு குட்டி, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஒரு நாள் இறக்கிவிட்ட நேரத்தில் ஒரு பெட்டை உதைத்த உதை உன் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் விழுந்தது. மறுநாளே ஐந்து வயது முடிந்ததாக எழுதி, உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நீ திட்டும்போதெல்லாம் அவர் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை, நானும் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உனக்குப் பொய் எழுதி வயதைக் கூட்டினேன். இந்தக் குட்டிக்கு உண்மையை எழுதினாலே வயது கூடிவிடுகிறது, இது என்ன நியாயமோ. ஆனாலும் இன்னொரு தரம் கை வரவில்லை. டிசம்பர் முப்பது என்றே எழுதி அனுப்பிவிட்டேன். தனசேகரன் நாலு நாளாக என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. அப்பா படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்னிக்கே இப்டி எழுதியிருக்கலாம் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் காலோடு ஈரத்தில் நடக்காதே. சுகப்பிரசவமாகித் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உண்டு. பிள்ளை எந்த நாளில் வருகிறதோ அந்த நாளையே எழுது. இதைப் படித்ததும் அப்பாவுக்கு ஒரு போன் போடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். முட்டி எப்படி இருக்கிறது என்று கேள், போதும்.

இப்படிக்கு,
நவம்பர் பதினாறாம் தேதி உன்னைப் பெற்ற அம்மா,
ஜெயம்மாள்